18446744073709551615 ஐக் கையால் உடைப்பது

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டத்துக்கும் எத்தனை அரிசி வேண்டும்? பெருக்கல் விருத்தி படிப்பிக்கிற எந்த ரியூசன் கொட்டிலிலும் இந்தக் கணக்கு வராமல் போகாது. விடை 2⁶⁴ − 1. அப்படி எழுதினாலே முழுப் புள்ளி கிடைப்பதால் பிள்ளைகள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆர்வத்தில் கல்குலேற்றரைத் தட்டினால் 1.844674407 × 10¹⁹ என்று காட்டும். இருபது இலக்க எண்ணில் பத்து இலக்கம் அங்கே காணாமற் போய்விடுகிறது. ஒற்றையா இரட்டையா, எதனால் வகுபடும், எதனால் வகுபடாது என்று சொல்லும் இலக்கங்கள் அந்தக் காணாமற்போன பத்துக்குள்தான் இருக்கின்றன. இந்த எண்ணை முழுதாக எழுதவும், முழுதாகக் காரணிப்படுத்தவும் ஒரு தாளும் பென்சிலும் போதும்.

முதலில் வாசிப்பு. பாடப் புத்தகத்தில் மூன்று மூன்றாகப் பிரிக்கிறோம்: 18,446,744,073,709,551,615. வீட்டில் பெரியவர்கள் இலட்சம், கோடி என்றுதான் எண்ணுவார்கள்: 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்வதானால் 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615. இரண்டு பிரிப்பையும் ஒரே தாளில் கலந்தால் காற்புள்ளியை நம்பி இலக்கம் எண்ணுபவர் கட்டாயம் பிழைவிடுவார். ஒன்றைத் தெரிந்துகொண்டு அதிலேயே நிற்கவேண்டும். கீழே எல்லாம் மூன்று மூன்றாகவே.

அளவையும் ஒரு தரம் பார்த்துவிடுவோம். ஓர் அரிசி 25 மில்லிகிராம் என்று வைத்தால் முதல் 32 கட்டத்தின் 4,294,967,295 அரிசியும் ஏறத்தாழ 107 தொன். ஏ9 வீதியால் 10 தொன் லொறி 11 வந்தால் இறக்கிவிடலாம். 64 கட்டத்துக்கும் என்றால் ஏறத்தாழ 46,000 கோடி தொன், அதாவது இன்றைய உலக அரிசி விளைச்சலில் கிட்டத்தட்ட 900 ஆண்டுக்குரியது. பாதிப் பலகைக்கும் முழுப் பலகைக்கும் இடையில் உள்ள பெருக்கம் இரு மடங்கு இல்லை, 4,294,967,297 மடங்கு. இந்த 4,294,967,297 ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2 ஐ 63 தரம் இரட்டிப்பது வீண் வேலை, பிழைக்கும் இடம் அதிகம். ஆறு தரம் வர்க்கித்தால் போதும்: 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296, பிறகு அதன் வர்க்கம். பாரசீக அறிஞர் அல்பிரூனி 1000ஆம் ஆண்டளவில் இதே வர்க்கிக்கும் வழியாலேயே இந்த எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்கிறார். கடைசி வர்க்கம்தான் கொஞ்சம் பயமுறுத்தும். அதைப் பத்து வரி நீண்ட பெருக்கலாகச் செய்யாமல் இப்படி உடைக்கலாம்:

4,294,967,296 = 4,295,000,000 − 32,704

இனி (அ − ஆ)² விரிவு. 4,295² = 18,447,025, அதன் பின்னால் பன்னிரண்டு பூச்சியம். இரட்டைப் பெருக்கம் 2 × 4,295 × 32,704 = 280,927,360, அதன் பின்னால் ஆறு பூச்சியம். 32,704² = 1,069,551,616, பின்னால் ஒன்றும் இல்லை.

18,447,025,000,000,000,000 − 280,927,360,000,000 = 18,446,744,072,640,000,000
18,446,744,072,640,000,000 + 1,069,551,616 = 18,446,744,073,709,551,616

இதிலிருந்து 1 ஐக் கழித்தால் நம் எண். பிழை பெரும்பாலும் பெருக்கலில் வராது, பூச்சியங்களை நிரைப்படுத்தும் இடத்தில்தான் வரும். நடு உறுப்புக்கு ஆறு பூச்சியத்துக்குப் பதிலாக மூன்றோ ஒன்பதோ போட்டுவிடுவார்கள். கட்டம் போட்ட கொப்பியில் ஒரு பெட்டிக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

மடக்கை அட்டவணையைக் கொண்டு இலக்க எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம், ஆனால் அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. நான்கு தசம அட்டவணையில் 2 இன் மடக்கை 0.3010. 64 ஆற் பெருக்க 19.264. சிறப்பியல்பு 19 என்பதால் 20 இலக்கம், சரி. முரண்மடக்கை எடுத்தால் 1.837 × 10¹⁹ வரும், ஆனால் உண்மையில் இருக்கவேண்டியது 1.845. அட்டவணையில் விடுபட்ட 0.00003 என்ற சிறு துண்டும் 64 மடங்காகிவிடுவதுதான் காரணம். ஐந்து தசமத்துக்கு 0.30103 என்று எடுத்தால் 1.845 சரியாக வந்துவிடும்.

எழுதிய எண் சரியா என்று பார்க்க இலக்கச் சுட்டி எல்லோருக்கும் கைவந்தது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, அது 15, அது 6. இன்னொரு வழியாலும் வருகிறதா என்று பாருங்கள்: 2 இன் அடுக்குகளை 9 ஆல் வகுத்து வரும் மீதி ஆறு படிக்கு ஒரு தரம் திரும்ப வரும். 64 ஐ 6 ஆல் வகுக்க மீதி 4, ஆகவே 2⁴ = 16 இன் மீதியான 7, ஒன்றைக் கழிக்க 6. பொருந்துகிறது. எண் 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது.

ஆனால் இலக்கச் சுட்டி ஒரு பிழையைக் கண்டுகொள்ளாது. அவசரத்தில் ...709... ஐ ...790... என்று மாற்றி எழுதினால் கூட்டுத்தொகை மாறாது. அதற்கு 11 இன் சோதனை வேண்டும். வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துக்கொண்டு வந்தால் 37 வரும், 11 ஆல் வகுக்க மீதி 4. இருக்கவேண்டியதும் அதுவே: 2¹⁰ இன் மீதி 1, ஆகவே 2⁶⁴ இன் மீதி 2⁴ = 16 இன் மீதியான 5, ஒன்றைக் கழிக்க 4. அடுத்தடுத்த இரு வேறு இலக்கங்கள் இடம் மாறினால் இந்தத் தொகை அவற்றின் வித்தியாசத்தின் இரு மடங்கால் மாறும். வித்தியாசம் 9 ஐத் தாண்டாது, அதன் இரு மடங்கு ஒருபோதும் 11 இன் மடங்காகாது. ஆகவே இந்தச் சோதனை அந்தப் பிழையைத் தப்பவிடாது. இரண்டு சோதனையையும் சேர்த்தே செய்யவேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னும் வேகமான ஒன்று: மூவிலக்கக் கூட்டங்களையே கூட்டிக் கழியுங்கள். 615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1,016. இதில் 1,001 ஐக் கழிக்க 15. 1,001 = 7 × 11 × 13 என்பதால் மூன்றுக்குமான மீதி ஒரே அடியில் கிடைக்கிறது: 7 க்கு 1, 11 க்கு 4, 13 க்கு 2. மூன்றும் காரணி இல்லை.

இனி உடைப்பு. இருபது இலக்க எண்ணை 2, 3, 5, 7, 11 என்று வகுத்துக்கொண்டு போகத் தேவையில்லை, ஏனென்றால் அது எப்படிக் கட்டப்பட்டதென்று நமக்குத் தெரியும். இரு வர்க்கங்களின் வித்தியாசம், தரம் 9 பிள்ளைக்கே தெரிந்த சங்கதி:

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

வலது அடைப்பு மறுபடி உடையும், அதன் வலது அடைப்பு மறுபடி உடையும். ஆறு தரம் செய்தபின் மிஞ்சுவது:

4,294,967,297 × 65,537 × 257 × 17 × 5 × 3

நாம் ஏறிவந்த வர்க்கப் படிகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் இந்த ஆறு எண்களும் கிடைக்கும். ஏறும்போது 2, 4, 16, 256, 65,536, 4,294,967,296. இறங்கும்போது ஒவ்வொன்றும் ஒன்று கூடி 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297.

ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே வந்தால் ஈவுகள் இப்படி இறங்கும். 3 ஆல் வகுக்க 6,148,914,691,236,517,205. அதை 5 ஆல் வகுக்க 1,229,782,938,247,303,441. அதை 17 ஆல் வகுக்க 72,340,172,838,076,673. அதை 257 ஆல் வகுக்க 281,479,271,743,489. அதை 65,537 ஆல் வகுக்க 4,294,967,297. பத்தடி எண்ணாக, அதாவது வழக்கமான தசம முறையில், பார்த்தால் ஒழுங்கே இல்லாத இலக்கக் குவியல். துவித எண்ணாக எழுதிப் பாருங்கள். நம் எண் 64 ஒன்றுகள். முதல் ஈவு 0101 0101 என்று போகும். இரண்டாவது 0001 0001 என்று நான்குக்கு ஓர் ஒன்று. மூன்றாவது எட்டுக்கு ஓர் ஒன்று, அடுத்தது பதினாறுக்கு ஒன்று, கடைசியில் 33 இடத்தில் இரண்டு முனையிலும் மட்டும் ஒன்று. ஒவ்வொரு வகுத்தலும் ஒன்றுகளைச் சரிபாதியாகக் குறைக்கிறது: 64, 32, 16, 8, 4, 2. இந்த எண்ணில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். பத்தடியிலும் இரண்டடியிலும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்காத ஒருவருக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம்.

ஆறும் முதன்மை எண்களா? 3, 5, 17 பற்றிக் கேள்வி இல்லை. மிச்சத்துக்கு ஒரு விதி உதவும். 4,294,967,297 ஐ ஒரு முதன்மை எண் வகுத்தால் அந்த முதன்மை எண் 128 இன் மடங்கு ஒன்றோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கவேண்டும். காரணம் சுருக்கமாக: 2³² மீதியாக −1 ஐத் தருவதால் 2⁶⁴ மீதி 1 ஐத் தரும், அதற்கு முன் எந்த அடுக்கும் 1 ஐத் தராது. ஆகவே முதன்மை எண்ணில் ஒன்று குறைத்தால் அது 64 ஆல் வகுபடும். இது ஒயிலர் காட்டியது. அப்படிப்பட்ட முதன்மை எண் 8 ஆல் வகுக்க மீதி 1 ஐத் தருவதால் அங்கே 2 என்பதே ஒரு வர்க்கத்தின் மீதியாக இருக்கும். அந்த வர்க்கமூலத்தை எடுத்து அதே வாதத்தைத் திரும்பச் செய்தால் 64 ஆனது 128 ஆகிறது. இந்த இரட்டிப்பை லூக்காஸ் 1878இல் சேர்த்தார். ஒரு படி கீழே உள்ள 65,537 க்கு இதே விதி 64 ஐத் தரும், 257 க்கு 32 ஐத் தரும்.

விதியின் பலனைப் பாருங்கள். 257 இன் வர்க்கமூலம் 16 சொச்சம். அதற்குள் 33 கூட வராது, ஆகவே ஒரு வகுத்தலும் இல்லாமலே 257 முதன்மை எண். 65,537 க்கு வர்க்கமூலம் 256 சொச்சம். அதற்குள் வரக்கூடியவை 65, 129, 193. முதல் இரண்டும் சேர்த்தி எண்கள். 193 ஆல் வகுத்தால் ஈவு 339, மீதி 110. ஒரே ஒரு வகுத்தல், வேலை முடிந்தது.

4,294,967,297 க்கு வருவோம். இந்த வகை எண்கள் எல்லாம் முதன்மை எண்கள் என்று ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் நம்பினார். 1732இல் ஒயிலர் 641 ஆல் இது வகுபடும் என்று காட்டினார். 128 இன் மடங்கோடு 1 என்று வரிசையிட்டால் 129, 257, 385, 513, 641. இவற்றில் முதன்மை எண்கள் இரண்டுதான். 257 ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641, மீதி 0. இரண்டாவது முயற்சியிலேயே கதவு திறந்துவிடுகிறது.

641 ஐ வகுக்காமலே காட்டவும் வழி உண்டு. 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. முதலாவதின்படி 5 × 2⁷ மீதியாக −1 ஐத் தரும், அதன் நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸ மீதி 1 ஐத் தரும். இரண்டாவதின்படி 5⁴ இன் இடத்தில் −2⁴ ஐப் போடலாம். அப்போது −2³² மீதி 1 ஐத் தருகிறது, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. உயர்தர மாணவர் ஒருவருக்குக் கரும்பலகையில் நான்கு வரி.

மற்றக் காரணி 6,700,417. பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அது முதன்மை எண்ணா என்று பார்க்காமல் காரணிப்படுத்தல் முடியாது. வர்க்கமூலம் 2,588 சொச்சம். 641 இல் தொடங்கி 128 ஆகக் கூட்டிக்கொண்டு போனால் 2,561 வரை 16 எண்கள். அவற்றில் முதன்மை எண்கள் நான்குதான்: 641 க்கு மீதி 44, 769 க்கு மீதி 120, 1,153 க்கு மீதி 334, 1,409 க்கு மீதி 622. ஒன்றும் வகுக்கவில்லை, ஆகவே முதன்மை எண். முடிவாக:

18,446,744,073,709,551,615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417

ஏழு முதன்மைக் காரணிகள், ஒன்றும் இரண்டு தரம் வரவில்லை. ஆகவே காரணிகளின் எண்ணிக்கை 2⁷ = 128. 1 ஐத் தவிர எந்த வர்க்க எண்ணும் இதை வகுக்காது.

இந்த 128 பேரில் பாதிப்பேரைப் பஸ்காலின் முக்கோணியில் சந்திக்கலாம். ஒற்றை எண்ணுக்கு 1, இரட்டை எண்ணுக்கு 0 என்று மாற்றி ஒவ்வொரு நிரையையும் துவித எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். 64ஆவது நிரையில் எல்லாமே ஒற்றை எண்கள், அது நம் எண்ணேதான். முதல் 64 நிரைகளும் நம் எண்ணின் காரணிகள். மிச்சம் 64 காரணிகளும் 641, 6,700,417 என்ற இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டவை. அவை முக்கோணியின் இந்த 64 நிரைகளில் வருவதில்லை. முதல் 32 நிரைகளில் 1 ஐ விட்டால் மிஞ்சும் 31 எண்களுக்கு இன்னொரு பெருமை உண்டு: கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு அமைக்கலாம் என்று தெரிந்த ஒற்றைப் பக்க ஒழுங்கான பல்கோணிகளின் பக்க எண்ணிக்கைகள் அவைதான். 17 பக்கத்துக்குக் கவுஸ் 1796இல் வழி கண்டார். 641 பக்கத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை.

கணினியில் இந்த எண்ணைக் கையாளுபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். குறியில்லாத 64 பிற் முழு எண்ணின் உச்சம் இதுவே. ஒன்றைக் கூட்டினால் பூச்சியத்துக்கு விழும். நிரல் ஒன்று எதிர்பாராமல் 18446744073709551615 என்று அச்சிட்டால் பெரும்பாலும் எங்கோ −1 ஆக இருந்த விடை குறியில்லாத வகைக்குள் போயிருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள்.

எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்திருக்காது. தட்டச்சிட்ட எண் 18446744073709500000 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 18446744073709552000 என்று காட்டும். இதைவிட மோசமானது மிதவைப் புள்ளித் தசம வகை (floating point). அதில் 53 பிற் துல்லியந்தான் உண்டு. 2⁶⁴ க்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 2,048. ஆகவே நம் எண் அதில் நிற்க இடமில்லாமல் 2⁶⁴ ஆகவே மாறிவிடும். அப்படி மாறியபின் 3, 5, 17, 257, 641 என்று எதனால் வகுத்து மீதி பார்த்தாலும் 1 வரும். ஏழு காரணிகளும் காரணியே இல்லை என்று இயந்திரம் அடித்துச் சொல்லும், பிழைச் செய்தியும் வராது. பைதனில் முழு எண்ணாகவே எழுதினால் எத்தனை இலக்கமும் சரியாக நிற்கும், ஆனால் வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு போட்டால் ஈவு தசம வகைக்குப் போய்விடும். இரட்டைச் சாய்கோடு போடவேண்டும்.

இனி அயலவர்களைப் பார்க்கலாம். 2⁶⁴ க்குக் கீழே மிக அண்மையில் உள்ள முதன்மை எண் ...551,557, அதாவது 59 குறைவு. மேலே 13 தள்ளி ...551,629. இடையில் உள்ள 71 எண்களும் சேர்த்தி எண்கள். அவற்றில் நம் எண்ணுக்கு இரண்டு தள்ளி நிற்கும் 18,446,744,073,709,551,617 தனிக்கவனம் கேட்கும். அது 2⁶⁴ + 1. இரு வர்க்கங்களின் வித்தியாசம் அங்கே செல்லாது. நம் எண் ஆறு அடியில் உதிர்ந்தது, இதுவோ 1855இல் கிளவுசன் உடைக்கும்வரை தாக்குப்பிடித்தது (1880இல் லாண்ட்ரியும் உடைத்தார்): 274,177 × 67,280,421,310,721. விதி இங்கே 256 இன் மடங்கோடு 1 என்று ஆகிறது. 274,177 = 256 × 1,071 + 1. 641 க்கு ஐந்தாவது மடங்கில் நின்ற தேடல் இங்கே 1,071ஆவது மடங்கு வரை போகவேண்டும். சேர்த்தி எண்களை முதலில் வெட்டிவிட்டு, மிச்சத்துக்கு வகுத்தலைச் செய்யாமல் 2 ஐ ஆறு தரம் வர்க்கித்து ஒவ்வொரு தரமும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால், ஒரு வேட்பாளருக்கு அரைப் பக்கம் போதும்.